மாண்ட்ரியால் தன் கோல்கீப்பரை விற்ற நான்கு நாட்கள்

1995 டிசம்பர் 6 அன்று கனடாவின் மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணி, தன் கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவையும் கேப்டன் மைக் கீனையும் அமெரிக்காவின் டென்வர் நகரத்து அணியான கொலராடோ அவலாஞ்சுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஜோஸ்லின் திபோ என்ற 20 வயது கோல்கீப்பரையும், மார்ட்டின் ருசின்ஸ்கி, ஆந்திரேய் கோவலென்கோ என்ற இரு முன்கள வீரர்களையும் பெற்றுக்கொண்டது. ஐஸ் ஹாக்கி வரலாற்றில் ஓர் அணி நெடுங்காலம் வருந்திய பரிமாற்றங்கள் எவை என்ற பேச்சு எழும்போதெல்லாம் இது தவறாமல் நினைவுகூரப்படுகிறது. ஆறே மாதத்தில் ருவா கொலராடோவுக்கு, வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கியின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்று கொடுத்தார். மாண்ட்ரியாலோ, 1993-இல் அவரை வைத்து வென்ற கோப்பைக்குப் பிறகு, 2025 வரை நடந்து முடிந்த எந்தப் பருவத்திலும் அந்தக் கோப்பையை வெல்லவில்லை.

இந்தப் பரிமாற்றத்தைப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் இரவைப் பற்றித்தான் சொல்கிறார்கள். கோபக்கார வீரர் ஒருவர், பிடிவாதக்காரப் பயிற்சியாளர் ஒருவர், இருவரும் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் முன்னிலையில் மோதிக்கொண்ட ஓர் ஆட்டம் என்று கதை முடிந்துவிடுகிறது. அந்த இரவு முக்கியமானதுதான். ஆனால் ருவா மாண்ட்ரியாலை விட்டுப் போக நேர்ந்ததற்குத்தான் அந்த இரவு காரணமே தவிர, அவருக்கு இவ்வளவு குறைந்த ஈடு கிடைத்ததற்கு அது காரணம் அல்ல. அந்த ஈட்டைத் தீர்மானித்தவை, ஆட்டத்துக்கும் விற்பனைக்கும் இடையில் இருந்த நான்கு நாட்களும், ஆட்டத்துக்கு முந்தைய ஆறு வாரங்களும்தான் என்பது என் எண்ணம். ஒருவரைப் பிரிய வேண்டிவருவதும், அவரை அவசரமாக விற்பதும் வெவ்வேறு காரியங்கள். மாண்ட்ரியால் நிர்வாகம் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டது.

இந்த விளையாட்டை அதிகம் பார்த்திராத வாசகருக்குப் பரிமாற்றம் நடக்கும் முறையை முதலில் விளக்கிவிட வேண்டும். ஐரோப்பியக் கால்பந்தில் ஒரு சங்கம் பணம் கொடுத்து வீரரை வாங்குவதைப் போல, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் பெரும்பாலும் நடப்பதில்லை. அங்கே நடப்பது பண்டமாற்று. வீரருக்கு வீரர், அல்லது வீரருக்கு ஈடாக, இளம் வீரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் என்ற ஆண்டுத் தேர்வில் ஓர் இடம். வீரரின் ஒப்பந்தம் அப்படியே புதிய அணிக்கு மாறிவிடும். ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கிக்கொண்டிருந்தால் ஒழிய அவருடைய சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. இன்று ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு இருப்பதால் மேலாளர்களின் கை பாதி கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த விதி 2005-இல்தான் வந்தது. 1995-இல் மாண்ட்ரியால் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற நிலை இருந்தது. அந்தப் பருவத்தில் பரிமாற்றங்களுக்கான கடைசி நாளும் அடுத்த மார்ச் மாதத்தில்தான் இருந்தது. அதாவது, டிசம்பர் தொடக்கத்தில் நிர்வாகத்தின் கையில் மூன்றரை மாத அவகாசம் இருந்தது.

கோல்கீப்பரின் இடம் எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். பனித்தளத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர். முன்கள வீரர்களும் தடுப்பு வீரர்களும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முழு வேகத்தில் ஆடிவிட்டு, பெஞ்சில் இருப்பவர்களோடு மாறிக்கொண்டே இருப்பார்கள். கோல்கீப்பர் மட்டும் 60 நிமிடமும் நின்ற இடத்தில் நிற்பார். மற்றவர்கள் செய்த பிழையை அவர் மறைத்துவிடலாம். அவர் செய்த பிழையை மறைக்கப் பின்னால் யாரும் இல்லை. மாண்ட்ரியாலில் இந்த இடத்துக்குத் தனி மரியாதையும் உண்டு. லீகின் சிறந்த கோல்கீப்பருக்கு ஆண்டுதோறும் தரப்படும் வெசினா விருதே, அந்த அணிக்காக ஆடிக் காசநோயால் இளவயதில் இறந்துபோன ஜார்ஜ் வெசினாவின் பெயரைத் தாங்கியதுதான். முகமூடி அணிவதை 1959-இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜாக் பிளான்ட் அந்த அணிக்காரர். 1970-களில் ஆறு கோப்பைகள் வென்ற கென் டிரைடனும் அந்த அணிக்காரர்தான்.

அந்த வரிசையில் அடுத்து வந்தவர் ருவா. கியூபெக் நகரில் பிறந்த அவரை 1984 டிராஃப்டில் 51-ஆவது இடத்தில்தான் மாண்ட்ரியால் எடுத்தது. ஐம்பது பேருக்குப் பிறகு எடுக்கப்பட்ட அந்தப் பையன், 1986-இல் தன் முதல் முழுப் பருவத்திலேயே, 20 வயதில், அணிக்குக் கோப்பையை வென்று கொடுத்து, பிளேஆஃப் எனப்படும், கோப்பைக்கான பருவ இறுதிச் சுற்றுகளின் தலைசிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதையும் பெற்றார். அவ்வளவு இளம் வயதில் அவ்விருதை அதுவரை யாரும் பெற்றதில்லை. 1989, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் வெசினா விருது அவருக்கு வந்தது. முழங்கால்களைப் பனியில் ஊன்றி, கீழ்க்கால்களை இருபுறமும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரித்து, கோலின் கீழ்ப்பகுதியை முழுவதும் அடைத்துவிடும் ஆட்டமுறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கியூபெக்கில் வளர்ந்த ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அதை அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

1993-ஐ இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததன் கனம் அங்கேதான் இருக்கிறது. முதல் சுற்றில், ஒரே மாகாணத்துப் பங்காளிகளான கியூபெக் நோர்டிக்ஸ் அணியிடம் மாண்ட்ரியால் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றது. அதன்பின் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று அவர்களை வெளியேற்றியது. அந்த ஆண்டின் பிளேஆஃப் சுற்றுகளில் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்களில் முதலாவதைத் தோற்ற அணி, அடுத்த பத்தையும் வரிசையாக வென்றது. கூடுதல் நேரத்தில் ஒரு கோல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பத்து ஆட்டங்களிலும் எதிரணி அடித்த ஒரு பக்கைக்கூட (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கப்படும் ரப்பர் வட்டு) உள்ளே விடாமல் நின்றவர் ருவா. இறுதிச் சுற்றில், வேய்ன் கிரெட்ஸ்கி தலைமையிலான லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியின் தாக்குதல் ஒன்றைத் தடுத்துவிட்டு, எதிரணியின் தோமஸ் சாண்ட்ஸ்ட்ரோமைப் பார்த்து அவர் கண் சிமிட்டியது தொலைக்காட்சியில் பதிவானது. ஜூன் 9 அன்று மாண்ட்ரியால் தன் 24-ஆவது ஸ்டான்லி கோப்பையை வென்றது. கான் ஸ்மைத் விருது மீண்டும் ருவாவுக்கு வந்தது.

இரண்டே ஆண்டில் அந்த அணி கலைந்தது. கேப்டன் கை கார்போன்னோ 1994-இல் செயின்ட் லூயிஸுக்குப் போனார். 1995 பிப்ரவரியில் எரிக் தெஜார்தான், ஜான் லெக்லேர் உள்ளிட்ட மூவரைக் கொடுத்து ஃபிலடெல்பியாவிலிருந்து மார்க் ரெக்கியை வாங்கினார்கள். ஏப்ரலில் அடுத்த கேப்டன் கர்க் முல்லரும் போனார். அந்தக் குறுகிய பருவத்தின் முடிவில், 1970-க்குப் பிறகு முதல்முறையாக மாண்ட்ரியால் பிளேஆஃப் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. அடுத்த பருவமும் தொடக்கத்திலேயே தொடர்தோல்விகளாக அமைய, அணி நிறுவனத்தின் தலைவர் ரோனால்ட் கோரி பொறுமை இழந்தார். 1995 அக்டோபர் 17 அன்று பொது மேலாளர் செர்ஜ் சவார், பயிற்சியாளர் ஜாக் டெமேர் இருவரையும் ஒரே நாளில் பதவி நீக்கினார். 1986, 1993 ஆகிய இரண்டு கோப்பைகளையும் வென்ற அணிகளைக் கட்டியவர் சவார். பருவம் தொடங்கி இரண்டு வாரங்கள்கூட நிறையாத நேரத்தில் மேலாளரும் பயிற்சியாளரும் இல்லாத அணியாக மாண்ட்ரியால் நின்றது.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று புதியவர்கள் அறிவிக்கப்பட்டார்கள். பொது மேலாளராக ரெஜான் ஊல், பயிற்சியாளராக மாரியோ டிராம்ப்ளே. இருவரும் 1970-களின் புகழ்பெற்ற மாண்ட்ரியால் அணிகளில் ஆடியவர்கள். ஆளுக்கு ஐந்து கோப்பைகள் வென்றவர்கள். ஆனால் ஊல் அதுவரை எந்த அணியையும் நிர்வகித்ததில்லை. ஓய்வுக்குப் பின் அவர் வேலை பார்த்தது, அப்போது அணியின் உரிமையாளராக இருந்த மோல்சன் மதுபான நிறுவனத்தில். டிராம்ப்ளே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹாக்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், தொழில்முறை அணி எதற்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. மாண்ட்ரியாலில் இப்பதவிகளுக்கு வருபவர் பிரெஞ்சு பேச வேண்டும் என்பது எழுதப்படாத விதி. கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா வேண்டாமா என்ற பொதுவாக்கெடுப்பு அதே அக்டோபர் 30 அன்று நடந்து, ஒரு சதவிகிதத்துக்குச் சற்று மேற்பட்ட வித்தியாசத்தில்தான் முடிந்தது என்பதை நினைத்தால், மொழி அங்கே எவ்வளவு உணர்வு சார்ந்தது என்பது புரியும். அந்த விதியில் நான் குற்றம் காணவில்லை, தன் மக்களின் மொழியில் பேசும் அணியை அந்நகரம் விரும்புவது நியாயமே. பிரெஞ்சு தெரிந்தவர்களில் இந்த வேலையையும் தெரிந்தவரைத் தேட நான்கு நாளுக்கு மேல் செலவிட்டிருக்கலாம் என்பதே என் வருத்தம்.

டிராம்ப்ளேயும் ருவாவும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் அல்லர். 1985-86 பருவம் ருவாவுக்கு முதலாவது, டிராம்ப்ளேக்குக் கடைசி. மூத்தவரும் புதியவருமாக ஒரே அணியில் இருந்தவர்களுக்கு இடையே அப்போதே சுமுகம் இருக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து மூத்தவர் பயிற்சியாளராகத் திரும்பியபோது, அந்தப் புதியவர் அணியின் ஆகப் பெரிய வீரராக வளர்ந்திருந்தார். அனுபவமுள்ள பயிற்சியாளராக இருந்தால் இந்த இடத்தில்தான் முதல் கவனத்தைச் செலுத்தியிருப்பார். அனுபவமுள்ள மேலாளராக இருந்தால் இருவரையும் அழைத்து உட்கார வைத்துப் பேசியிருப்பார். இரண்டு நாற்காலிகளிலும் புதியவர்கள் இருந்ததால், நடுவில் நின்று சமாதானம் செய்ய ஆளில்லாமல் போயிற்று.

டிசம்பர் 2, சனிக்கிழமை இரவு, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி மாண்ட்ரியால் ஃபோரம் அரங்குக்கு வந்தது. அந்தப் பருவத்தில் 62 ஆட்டங்களை வென்று லீகின் சாதனையையே முறியடிக்கப்போகும் அணி அது. அதன் பயிற்சியாளர் ஸ்காட்டி பௌமன், 1970-களில் இதே மாண்ட்ரியாலுக்கு ஐந்து கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவர். முதல் 20 நிமிடப் பகுதி முடியும்போதே டெட்ராய்ட் ஐந்து கோல் போட்டிருந்தது. கோல்கீப்பருக்கு ஒரு நாள் இப்படி அமைந்துவிட்டால், நான்கு அல்லது ஐந்து கோலுக்குப் பிறகு அவரை வெளியே அழைத்து மாற்று ஆளை இறக்குவது ஹாக்கியில் நெடுநாள் வழக்கம். அவருடைய மனம் உடையாமல் காப்பதும் பயிற்சியாளரின் கடமை என்பதால் உண்டான வழக்கம் அது. டிராம்ப்ளே அதைச் செய்யவில்லை. இரண்டாம் பகுதி தொடங்கியபோதும் ருவாவே நின்றார். ஒரு சுலபமான பக்கைத் தடுத்தபோது சொந்த ரசிகர்களே கேலியாகக் கைதட்டினார்கள். ருவா இரு கைகளையும் மேலே உயர்த்தி அந்தக் கேலியை ஏற்றுக்கொண்டார். தன்னை நோக்கி வந்த 26 அடிகளில் 9 உள்ளே போன பிறகுதான் அவரை அழைத்தார்கள். ஆட்டம் 11-1 என்று முடிந்தது. சொந்த அரங்கில் அந்த அணி கண்ட மிக மோசமான தோல்வி அது.

பெஞ்சுக்கு வந்த ருவா டிராம்ப்ளேயைக் கடந்து நடந்தார். இருவர் கண்களும் ஒரு கணம் சந்தித்தன. ருவா திரும்பி, பெஞ்சுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் அமர்ந்திருந்த நிறுவனத் தலைவர் கோரியிடம் குனிந்து, மாண்ட்ரியாலில் இதுவே தன் கடைசி ஆட்டம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அத்தனையும் தொலைக்காட்சியில் வந்தது.

அவர் செய்தது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. பயிற்சியாளர் நியாயமற்றவராக நடந்துகொண்டாலும், ஆட்டத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க, அவரைத் தாண்டித் தலைவரிடம் போவதை எந்த அணியாலும் பொறுத்துக்கொள்ள முடியாது. அணி அவரை இடைநீக்கம் செய்ததும் சரியான நடவடிக்கையே. ஆனால் இடைநீக்கம் என்பது, யோசிப்பதற்கு நேரம் வாங்கித் தருகிற ஒரு கருவி. பத்து நாளோ ஒரு மாதமோ அவரை வீட்டில் உட்கார வைத்திருக்கலாம். அவர் வாய் தவறிச் சொன்னாரா, உறுதியாகத்தான் சொன்னாரா என்று அந்த இடைவெளியில் தெரிந்திருக்கும். மற்ற அணிகள் ஒவ்வொன்றாக வந்து விலை பேசியிருக்கும். நிர்வாகம் அந்தக் கருவியைக் கையில் எடுத்தது; ஆனால் அது தந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழியை ருவாவுக்குத்தான் எல்லோரும் பொருத்துவார்கள். எனக்கென்னவோ அது மேலிடத்துக்குத்தான் அதிகம் பொருந்துவதாகப் படுகிறது. சனிக்கிழமை இரவு நடந்ததற்குப் புதன்கிழமை விற்பனை முடிந்துவிட்டது.

சந்தைக்கு மாட்டை ஓட்டிவரும்போதே, இன்று மாலைக்குள் விற்றாக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வருபவருக்கு என்ன விலை கிடைக்குமோ, அந்த விலைதான் மாண்ட்ரியாலுக்குக் கிடைத்தது. எதிரே உட்கார்ந்து பேரம் பேசியவரும் சாதாரணமானவர் அல்லர். கொலராடோவின் பொது மேலாளர் பியேர் லக்ருவா, 1994-இல் அந்தப் பதவிக்கு வருமுன் வீரர்களின் முகவராகத் தொழில் செய்தவர். ருவாவுக்கே முகவராக இருந்தவர். ருவாவின் குணம், கோபம், மதிப்பு எல்லாமே ஊலைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. கொலராடோ அவலாஞ்ச் என்பது வேறு எதுவுமில்லை, 1993-இல் ருவா வீட்டுக்கு அனுப்பிய அதே கியூபெக் நோர்டிக்ஸ்தான். பணநெருக்கடியால் 1995 கோடையில் அது விற்கப்பட்டு டென்வருக்குப் பெயர்ந்து, பெயரையும் மாற்றிக்கொண்டது. அந்த அணி இன்னும் கியூபெக் நகரிலேயே இருந்திருந்தால், மாண்ட்ரியால் மேலாளர் எவரும் ருவாவை அதற்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அணி மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டதால் அந்தத் தடை நீங்கிவிட்டது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, அந்தப் பேரத்தில் மாண்ட்ரியாலின் கை அவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டியதே இல்லை என்பதுதான். ஜோ சாக்கிக், பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் போன்ற அபாரமான வீரர்கள் அவலாஞ்சிடம் இருந்தார்கள். முந்தைய பருவத்தில், கியூபெக்கில் ஆடிய கடைசி ஆண்டில், கிழக்குப் பிரிவின் முதலிடத்தைப் பிடித்தும், பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே நியூயார்க் ரேஞ்சர்ஸிடம் அந்த அணி வீழ்ந்திருந்தது. கோப்பைக்கும் அதற்கும் இடையே குறையாக இருந்தது, பெரிய ஆட்டங்களில் நின்று காட்டிய ஒரு கோல்கீப்பர்தான். அப்போது உலகில் அந்தத் தகுதிக்கு முதல் பெயர் ருவா. வாங்குபவரின் தேவை அத்தனை கடுமையாக இருக்கும்போது விற்பவர் செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். பதவி நீக்கப்படுவதற்கு முன் சவார், ருவாவைக் கொடுத்து முன்கள வீரர் ஓவன் நோலனையும் கோல்கீப்பர் ஸ்தெஃபான் ஃபீசேயையும் வாங்குவது குறித்து லக்ருவாவோடு பேசிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். அது நிறைவேறியிருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் ருவாவுக்கு என்ன கேட்கலாம் என்ற அளவுகோல் ஒன்று சவாரிடம் இருந்தது என்பதை அது காட்டுகிறது. அக்டோபர் 26 அன்று நோலன் சான் ஹோசேக்குப் போய்விட்டார். அவருக்கு ஈடாக லக்ருவா பெற்றது சாண்டிஸ் ஓசோலின்ஷ் என்ற தடுப்பு வீரரை. சவாருக்குப் பின் வந்த ஊலுக்கு, டிசம்பரில், அந்த வழியும் இருக்கவில்லை.

பொறுமை என்ன விலை பெற்றுத் தரும் என்பதற்கு வெகுதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. அதே நோர்டிக்ஸ் அணி 1991 டிராஃப்டில் முதல் ஆளாக எரிக் லிண்ட்ரோஸ் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. கியூபெக்கில் ஆட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். ருவாவின் பேச்சைவிட இது அணிக்கு எந்த வகையிலும் குறைந்த அவமானம் அல்ல. ஆயினும் நோர்டிக்ஸ் ஓர் ஆண்டு முழுக்கக் காத்திருந்தது. 1992 ஜூனில் ஃபிலடெல்பியாவும் நியூயார்க் ரேஞ்சர்ஸும் போட்டி போட்டுக் கேட்டு, இரண்டு அணிகளுமே தங்களுக்குத்தான் லிண்ட்ரோஸ் என்று சொல்லும் நிலை வந்து, சமரசத் தீர்ப்பாளர் ஒருவர் விசாரித்துத்தான் அவர் ஃபிலடெல்பியாவுக்கு என்று முடிவானது. அதில் நோர்டிக்ஸுக்கு வந்தவை: பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், மைக் ரிச்சி, ரான் ஹெக்ஸ்டால் உள்ளிட்ட ஆறு வீரர்கள், இரண்டு முதல்சுற்று டிராஃப்ட் இடங்கள், 1.5 கோடி டாலர் பணம்.

அந்த இரண்டு டிராஃப்ட் இடங்களில் ஒன்றை வைத்து 1993-இல் பத்தாவது ஆளாக நோர்டிக்ஸ் தேர்ந்தெடுத்த பையன்தான் ஜோஸ்லின் திபோ. ஆட மறுத்த ஒருவரை ஓராண்டு பொறுத்திருந்து விற்றதில் கிடைத்த பல பலன்களில் ஒன்றாக வந்தவரை, ஆட மாட்டேன் என்ற இன்னொருவருக்கு ஈடாக, நான்கே நாளில் மாண்ட்ரியால் பெரிய வரவு என்று எண்ணி ஏற்றுக்கொண்டது.

திபோ மீதோ மற்ற இருவர் மீதோ எந்தக் குறையும் சொல்ல எனக்கு மனமில்லை. மூவருமே நல்ல ஆட்டக்காரர்கள். 1998-இல் நகானோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற செக் அணியில் ருசின்ஸ்கி ஆடினார், வெள்ளி வென்ற ரஷ்ய அணியில் கோவலென்கோ ஆடினார். திபோ மாண்ட்ரியாலில் பிறந்தவர். ஊர்க்காரப் பையன், 20 வயது, வளரும் திறமை. வேறு நேரத்தில் வேறு வழியில் வந்திருந்தால் நகரம் அவரைக் கொண்டாடியிருக்கும். ஆனால் அவர் பிடித்த ஒவ்வொரு பக்கும் விட்ட ஒவ்வொரு பக்கும் ருவாவோடு ஒப்பிடப்பட்டது. எந்த இளைஞனாலும் தாங்க முடியாத சுமை அது. 1998 நவம்பரில் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவர் பல ஆண்டுகள் நிம்மதியாகவும் நன்றாகவும் ஆடினார். கோவலென்கோ ஒரு பருவம்கூட முழுதாக இல்லாமல் எட்மண்டனுக்குப் போனார். ருசின்ஸ்கி மட்டும் 2001 வரை இருந்தார்.

கேப்டன் கீனும் கூடவே போனதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கோல் கணக்கில் அவர் பெரிய ஆட்டக்காரர் அல்லர். உடைமாற்றும் அறையில் எல்லோரும் மதிக்கும் ஆள். ஒரே பேரத்தில் அணியின் சிறந்த வீரரையும் கேப்டனையும் சேர்த்துக் கொடுத்து, எதிரே அதற்கு நிகரான எதையும் கேட்டுப் பெறாததுதான் இந்தப் பரிமாற்றத்தின் மிகப் புரியாத பகுதி என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1996 வசந்தத்தில் மாண்ட்ரியால் முதல் சுற்றிலேயே ரேஞ்சர்ஸிடம் தோற்றது. கொலராடோவோ மேற்குப் பிரிவின் இறுதியில் டெட்ராய்ட்டை, ஆம், அதே 62 வெற்றி அணியை, ஆறு ஆட்டங்களில் வென்றது. ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்றில் ஃப்ளோரிடாவை நான்கு ஆட்டங்களில் முடித்தது. நான்காவது ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம்வரை போய் 1-0 என்று முடிந்தது. ருவா அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் 63 அடிகளைத் தடுத்தார். 2001-இல் மீண்டும் கோப்பையும், மூன்றாவது முறையாகக் கான் ஸ்மைத் விருதும் அவருக்கு வந்தன. அவ்விருதை மூன்று முறை பெற்றவர் அவர் ஒருவர்தான். 2003-இல் ஓய்வு பெற்றபோது அவர் வென்ற ஆட்டங்கள் 551. அவற்றில் 289 மாண்ட்ரியாலுக்காக, 262 கொலராடோவுக்காக. 30 வயதில் விற்கப்பட்டவரிடம் இன்னும் பாதி ஆட்டவாழ்வு மிச்சம் இருந்தது என்பது இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது.

டிராம்ப்ளே 1997-இல் விலகினார். கோரி 1999-இல் போனார். ஊல் 2000 நவம்பரில் நீக்கப்பட்டார். 1999, 2000, 2001 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிளேஆஃபுக்குத் தகுதி பெறாத நிலைக்கு மாண்ட்ரியால் இறங்கியது. இவை அனைத்துக்கும் ஒரே பரிமாற்றத்தைக் காரணமாக்குவது நியாயமாகாது. ஒரு கோல்கீப்பர் இருந்திருந்தாலும் அந்த அணியின் மற்ற ஓட்டைகள் அடைபட்டிருக்க மாட்டா. 1995 வசந்தத்திலேயே, ருவா இருக்கும்போதே, அணி சரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சரிகிற அணிக்கு, தன்னிடமுள்ள மிக விலையுயர்ந்த ஒன்றை நல்ல விலைக்கு விற்று மீண்டும் எழுந்துகொள்ளும் வாய்ப்பு ஒரே முறைதான் வரும். ஆறு வீரர்களும் டிராஃப்ட் இடங்களும் நோர்டிக்ஸுக்கு எத்தகைய அடித்தளமாக அமைந்தன என்பதைப் பார்க்கும்போது, அந்த ஒரே வாய்ப்பு எப்படி வீணாயிற்று என்பது விளங்குகிறது.

ஃபோரம் அரங்கு 1996 மார்ச் 11 அன்று மூடப்பட்டது. கடைசி ஆட்டத்துக்குப் பின், பழைய கேப்டன்கள் வரிசையாக நின்று ஒரு தீப்பந்தத்தைக் கைமாற்றினார்கள். முதியவராகிவிட்ட மோரிஸ் ரிஷாருக்கு மக்கள் பல நிமிடங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பந்தத்தைக் கடைசியாக வாங்கியவர் பியேர் டுர்ஜோன். மூன்று மாதம் முன்புவரை அது கீனின் இடமாக இருந்தது. அன்று கோலில் நின்றவர் திபோ. அந்த அரங்கின் கடைசி இரண்டு கோப்பைகளையும் வென்று தந்தவர் அங்கே இல்லை.

மாண்ட்ரியால் அணி அவரை மீண்டும் தன்னவராக வரவேற்க 2008 நவம்பர் 22 வரை ஆயிற்று. அன்று, ஃபோரத்துக்குப் பதிலாக வந்த பெல் சென்டர் அரங்கில், அவர் அணிந்த 33-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்து, அந்த எண் பொறித்த சட்டையைக் கூரைக்கு உயர்த்தியது. மக்கள் விடாமல் ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சட்டை இன்றும் தொங்கும் அந்த அரங்கில், மாண்ட்ரியாலின் கோல்கீப்பராக ருவா ஒரு நிமிடம்கூட நின்றதில்லை.